கட்டில் மணி

மணி அடித்தது. மகள் லேப்டாப்பை விட்டு எழுந்து போனாள். அப்பாவுக்குத் தண்ணீர் வேண்டுமாம்.

கொடுத்துவிட்டு வந்து உட்காரவில்லை, மறுபடி மணி. தண்ணீர் சூடாக இருக்கிறதாம்.

அத்தைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருப்பவள். தம்பியைப் பார்க்க வந்தவள், வந்ததிலிருந்து தம்பி மகள் ஓடுகிற ஓட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பிக்குச் சைக்கிள் கடை. மனைவி இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்து படுத்ததிலிருந்து மகள்தான் எல்லாம். கூப்பிடக்கூடக் குரல் எழும்பாத நாட்களில், கடையிலிருந்து ஒரு சைக்கிள் மணியைக் கொண்டுவந்து கட்டில் கம்பியில் மாட்டியதும் அவள்தான்.

அப்போதெல்லாம் மனுஷன் அதைத் தொடவே கூச்சப்படுவார். இப்போது கொஞ்ச நாளாகத்தான் உயிரை வாங்குகிறார்.

மகளுக்குக் கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும். ஆறு பல்கலைக்கழகங்கள் வரை விண்ணப்பிக்கலாம். அவள் போட்டு வைத்திருந்தது ஒன்றே ஒன்று, உள்ளூர். அந்த நாலு சீட்டுக்கு மொய்க்கிற கூட்டத்தில் இவளுக்குக் கிடைத்தால் அதிசயம். மாற்ற நினைத்தால் இன்று சாயங்காலத்துக்குள் மாற்ற வேண்டும்.

"ஒண்ணை மட்டும் நம்பி உட்காராதம்மா. வெளியூருக்கும் போட்டு வை" என்றாள் அத்தை.

"அப்பாவும் அதான் கேட்டார், ஏன் ஒண்ணுதான்னு. நான் போய்ட்டா அவரை யாரு பாத்துப்பா, அத்தை?"

நான் பாத்துக்கிறேன் என்று அத்தையால் சொல்ல முடியாது. அவள் பிழைப்பே மெஷின் மிதிக்கிற நேரத்தில் இருக்கிறது.

மணி. ஜன்னலைச் சாத்து.

மணி. காற்றே வரவில்லை, எவள் சாத்தினாள்?

மணி. டீ.

போட்டுக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைத் தள்ளிவிட்டார். அவள் கையெல்லாம் டீ.

"நாலு கால் பிராணிக்கு வைத்தியம் பாக்கப் போறாளாம். ரெண்டு கால் மனுஷனுக்கு ஒரு டீ போடத் துப்பில்லை."

கூடத்தில் இருந்த அத்தைக்கே சுருக்கென்றது.

மகள் கையைத் துடைத்துக்கொண்டாள். வந்து உட்கார்ந்து லேப்டாப்பைத் தட்டிய தட்டில் மேஜை ஆடியது. நடுவில் மணி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. விடாமல் அடித்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியில் லேப்டாப்பைப் படாரென்று மூடினாள்.

"அனுப்பிட்டேன் அத்தை. அஞ்சு. எல்லாமே தூரம். உள்ளூரை எடுத்துட்டேன். இந்த வீட்ல இன்னும் அஞ்சு வருஷம் என்னால முடியாது."

கண்ணைத் துடைத்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

இன்றைக்கு இவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்று அத்தை அறைக்குள் நுழைந்தாள். பெற்ற பெண்ணை இப்படியா விரட்டுவான் ஒருத்தன்?

கட்டில் காலியாக இருந்தது.

தம்பி ஜன்னலோரம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. கால் வெடவெடவென்று நடுங்கியது. கண் மட்டும் தெருமுனையை விட்டு நகரவில்லை.

"டேய், விழுந்து தொலைக்கப் போறே. எப்பருந்துடா இதெல்லாம்?"

"அவ குளிக்கப் போறப்ப, கடைக்குப் போறப்ப பழகினேன். பாத்ரூம் வரைக்கும் போய்ட்டு வந்துடுறேன்க்கா. எத்தனை போட்டா?"

"அஞ்சு. அத்தனையும் வெளியூர். உள்ளூரை எடுத்துட்டா."

உள்ளூரையுமா என்று கேட்க வந்தவர்போல் வாயைத் திறந்தார். தலையை மட்டும் ஆட்டினார். அவள் தெரு திரும்பிப் போன பிறகும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சொன்னார்:

"அந்த மணியைக் கழட்டிடுக்கா. அது சத்தம் எனக்கே தாங்கலை."