மருது போட்ட கரண்ட்

"எங்க அண்ணன நான் கொன்னுட்டேன்மா. கேஸ எழுதிக்கிருங்க."

ஸ்டேஷன் வாசலில் பைக்கைப் போட்ட போக்கில் போட்டுவிட்டு ஓடிவந்த மருது, இன்ஸ்பெக்டர் யோகலட்சுமியின் மேஜை முன்னால் நின்றான். மூச்சு வாங்கியது.

அவர் பேனாவை மூடி வைத்தார். முதலில் இருந்து சொல்லச் சொன்னார்.

சொன்னான். அண்ணன் வீரபாண்டியனோடு பேச்சு நின்று ரெண்டு வருஷம் ஆகிறது. பாகம் பிரித்த நிலத்தில் வரப்பை ஒரு முழம் தள்ளிப் போட்டுவிட்டார் என்று ஆரம்பித்த சண்டை. நாலு நாளைக்கு முன்னால் மருது தன் கடலைக் கொல்லையைச் சுற்றிக் கம்பி இழுத்தான். ரெண்டு பேருக்கும் பொதுவான கிணற்று மோட்டார் ரூமில் இருந்து அதற்குக் கரண்ட் கொடுத்தான்.

நாலு நாளும் ஒன்றும் நடக்கவில்லை. இன்றைக்கும் காலை ஆறு மணிக்குச் சுவிட்சைப் போட்டுவிட்டுத் திருப்பத்தூர் சந்தைக்குப் போய்விட்டான். பத்து மணிக்குத் திரும்பி வந்தால் கொல்லையில் கூட்டம். கம்பிக்கு ஓரடி தள்ளி அண்ணன் கிடக்கிறார்.

"கம்பி எதுக்குக் கட்டுன?"

"பன்னிக்கும்மா."

"பகல்ல பன்னி வருமா?"

மருது தரையைப் பார்த்தான். அண்ணன் தினம் காலையில் அந்த வழியாகத்தான் கிணற்றுக்கு வருவார் என்று மெல்லச் சொன்னான். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த ஏட்டு, எழுதுவதை நிறுத்திவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

அவனைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு யோகலட்சுமி ஜீப் ஏறிப் போனார். சாப்பாடு வாங்கி வைத்தார்கள். அவன் தொடவில்லை. சின்ன வயதில் அதே கிணற்றில் அண்ணன் இடுப்பில் கயிறு கட்டி நீச்சல் பழக்கியது ஞாபகம் வந்தது. நாலு நாளாக அது ஞாபகத்துக்கு வரவே இல்லை.

சாயங்காலம் நாலு மணிக்குத்தான் யோகலட்சுமி திரும்பினார்.

"மருது, உங்க அண்ணன் செத்தது மாரடைப்புல. கரண்ட் அடிச்ச தடம் உடம்புல எங்கயும் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அவனுக்குப் புரியவில்லை.

அண்ணன் கிடந்ததை முதலில் பார்த்த பக்கத்துக் காட்டுக் கோட்டைச்சாமி, கம்பியைக் கண்டு பயந்து, நேராக மோட்டார் ரூமுக்குத்தான் ஓடியிருக்கிறான். அப்போதே சுவிட்ச் அணைந்து கிடந்ததாம். கம்பியில் கரண்டே இல்லை.

"நான் போட்டேன்மா. என் கையாலதான் போட்டேன்."

"நீ போட்டிருக்கலாம். கொலைன்னு நான் எழுதணும்னா, கொல்லணும்ங்கிற நெனப்பு இருக்கணும். அந்த நெனப்புல செஞ்ச காரியத்தாலயே உசுரும் போயிருக்கணும். நெனப்பு இருந்துச்சுன்னு உன் மூஞ்சியே சொல்லுது. ஆனா உசுரு உன்னால போகல."

கம்பி கட்டியதற்குக் கேஸ் உண்டு, அதற்கு மேலே என்ன என்பதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்றார். நாளைக் காலையில் வந்து நிற்கச் சொன்னார். அண்ணனை எடுக்கப்போகிறார்கள், முதலில் வீட்டுக்குப் போ என்று அனுப்பிவைத்தார்.

வெளியே வந்ததும் மருதுவுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, நிம்மதி. தப்பித்துவிட்டோம் என்று இருந்தது. அப்படி இருந்ததை நினைத்து அவனுக்கே அருவருப்பாகவும் இருந்தது.

ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் அண்ணன் வீட்டு வாசலை மிதித்தான். கூட்டம் விலகி வழி விட்டது. அண்ணனின் தலைமாட்டில் மதினி அழகி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் படுத்து அழுதுகொண்டிருந்தது மருதுவின் எட்டு வயது மகள் சினேகா.

இந்த வீட்டுப் பக்கமே தலைவைக்கக் கூடாது என்று அவன் மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தான்.

"பிள்ளைய வையாதீக தம்பி," என்றாள் அழகி. "அது ஒரு வருஷமா வருது. அவ அம்மா விடியக்காலையிலயே புதுவயல் மில்லுக்கு வேலைக்குப் போயிருதா. நீங்களும் காட்டுக்குப் போயிருதீக. ஏழு மணிக்கு வரப்பேறி இங்குட்டு வந்துரும். ரெண்டு இட்லி சாப்பிடும், நான் சடை பின்னிவிட்டு அனுப்புவேன்."

எந்த வரப்பு என்று மருது கேட்டான்.

"உங்க கடலைக் கொல்லை வரப்புதான். வேற வழி ஏது? நீங்க கம்பி கட்டுன அன்னைக்கே உங்க அண்ணன் பாத்துட்டாக. தினம் பிள்ளை வர்றதுக்கு முன்னால ஓடிப்போயி சுவிட்ச அணைப்பாக. அது பள்ளிக்கூடம் போனப்புறம் திரும்பப் போய் போட்டுட்டு வருவாக. இன்னைக்குப் போடப் போனவுகதான் வரல."

"திரும்ப எதுக்கு மதினி போடணும்?"

"அணைஞ்சு கெடந்தா நீங்க யாருன்னு தேடுவீக. பிள்ளை இங்க வர்றது தெரிஞ்சா அடிப்பீகன்னு அவுகளுக்குப் பயம்."

அவன் அண்ணனின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் காலடியில் உட்கார்ந்தான். நடந்ததை எல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான்.

அழகி முந்திக்கொண்டாள்.

"நான்தான் தம்பி உங்கள ஏசுனேன், என்ன மனுசன் இவன், பட்டப்பகல்ல கரண்ட் விட்டு வச்சிருக்கான்னு. அவுக விடல. 'என் தம்பி பன்னிக்குத்தான் கட்டியிருப்பான், வேற நெனப்பெல்லாம் அவனுக்கு வராது'ன்னு அடிச்சுச் சொல்லிட்டுப் போனாக."