இரண்டு வெள்ளைச் சட்டைகள்

மருதாசலம் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அதன் வாசல் எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்வார்.

சாயப்பட்டறையில் முப்பத்தெட்டு ஆண்டுகளாக அவர்தாம் டையிங் மாஸ்டர். துணியின் நிறத்தை டியூப் லைட்டின் கீழ் அவர் ஒருநாளும் முடிவு செய்ததில்லை. காலைப் பத்து மணிக்குள் வடக்கு வாசலுக்கு எடுத்துச் செல்வார். மாதிரித் துண்டோடு சேர்த்துப் பிடிப்பார். விரலால் ஒருமுறை தேய்ப்பார். பிறகு, ‘ஷேடு ஓகே’ என்பார். அதற்குமேல் அந்தத் துணியைப் பற்றி முதலாளி ஆறுமுகசாமிகூட வாய் திறந்ததில்லை.

இப்போது வருகிற டியூப் லைட்டெல்லாம் மங்கல் என்று மட்டும் சில மாதங்களாக ஒரு குறை சொல்லி வந்தார்.

நல்லூரில் சீனியம்மாள் நடத்தும் புத்தகக் கடையின் வாசல் வடக்குப் பார்த்திருந்தது. அது அவருக்குப் பிடித்திருந்தது.

“ஏனுங்ணா, சாயத்த உட்டுப்போட்டுக் கம்ப்யூட்டர் மாட்டற வேலைக்குப் போறீங்களாக்கும்?” என்று கேட்டுக்கொண்டே அவள் மூன்று புத்தகங்களை அவர்முன் வைத்தாள். ஒன்று கணினியின் உறுப்புகளைப் பற்றியது. மற்றொன்று கணினியில் படங்களைத் திருத்தும் முறை பற்றியது. மூன்றாவது டிஜிட்டல் கேமராவைப் பற்றியது.

மூன்றில் ஒன்றுதான் குற்றவாளி. எது என்பதைத் திங்கட்கிழமைக்குள் அவர் முடிவு செய்தாக வேண்டும்.

துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவருக்குக் குழந்தைகளின் வெள்ளைப் பனியன் சாம்பிள் ஒன்று செய்தார்கள். பையர் அனுப்பிய வெள்ளைத் துண்டோடு சேர்த்துப் பிடித்து அதற்கு ஓகே சொன்னவர் மருதாசலம். அதைப் படமெடுத்து அனுப்பியவள் பட்டறையில் வேலை பார்க்கும் கலைமகள். படத்தில் பனியன் மஞ்சளாக இருக்கிறது என்று கூறி, அந்த ஆர்டரையே பையர் வேறோர் ஊருக்குத் தந்துவிட்டார். கூரியரில் போன சாம்பிளை அவர்கள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லையாம். துணி இல்லை, படம் மட்டுமே மிஞ்சியது.

ஆறுமுகசாமி இருவரையும் நிற்கவைத்துக் கேட்டார். “படம் தப்புங்களா, சாயம் தப்புங்களா? திங்கக்கெழமை சொல்லுங்க. யாரு தப்போ அவுங்க ஊட்டோட இருந்துக்கலாமுங்க.”

“மாஸ்டர் கண்ணு தப்பாதுங்க. கேமராவுலதான் ஏதாச்சும் இருக்குமுங்க” என்றாள் கலைமகள்.

அவளேதான் படமெடுப்பதற்குமுன் பனியனைக் கையில் வைத்துக்கொண்டு, “மாஸ்டர், கொஞ்சம் மஞ்சக் காட்டுதுங்களே?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டவள். “கண்ணு, உன்ற கண்ணுக்கு ஒரு நல்ல டாக்டரப் பாரு” என்று அவர் சொன்னபோது பட்டறையே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அவள்மீது அவருக்கு வருத்தம் ஏதுமில்லை. பொங்கலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். அவர் துணி பார்க்கும்போது தன் நிழல் அதன்மேல் விழாதபடி விலகி நிற்கத் தெரிந்தவள். அவள் வேலையும் போகக்கூடாது; தம் பெயரும் கெடக்கூடாது. ஏதேனும் ஓர் இயந்திரத்தின்மேல் பழி விழுந்தால் போதும். அச்சில் இருப்பதை ஆறுமுகசாமி நம்புவார்.

கணினிப் புத்தகத்தைப் புரட்டினார். பழைய திரைகளில் நிறம் மாறித் தெரியும் என்று ஒரு வரி இருந்தது. ஆனால் பையர் பார்த்தது அவருடைய சொந்தத் திரையில் அல்லவா? மூடிவைத்தார்.

படங்களைத் திருத்தும் புத்தகம் அவருக்கு அச்சமூட்டியது. வெள்ளையை மஞ்சளாக்க இரண்டு நிமிடம் போதும் என்று படிப்படியாக விளக்கியிருந்தார்கள். இதைக் கொண்டுபோய்க் காட்டினால், படத்தைக் கெடுத்தவள் கலைமகள் என்றே முடியும். அதை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார்.

கேமராப் புத்தகத்தில் அவர் தேடியது கிடைத்தது. சிலவகை வெளிச்சத்தில் கேமரா வெள்ளையை மஞ்சளாகப் பதிந்துவிடும், எடுப்பவர்மேல் குற்றமில்லை. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சீனியம்மாள் எட்டிப் பார்த்து, அதே பக்கத்திலிருந்த இரண்டு படங்களைக் காட்டினாள். “அட, ஒரே சட்டைதானுங்ணா! ஒண்ணு பாலாட்ட இருக்குது, ஒண்ணு நெய்யாட்ட இருக்குது பாருங்க!”

மருதாசலம் பார்த்தார். இரண்டு வெள்ளைச் சட்டைகள் அருகருகே இருந்தன.

கடைக்குள் வெளிச்சம் போதவில்லை போலும். புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். மணி இன்னும் பத்தாகவில்லை. பக்கத்தை நிமிர்த்திப் பிடித்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மறு கண்ணை மூடிப் பார்த்தார். பழக்கத்தில் தாளை விரலால் தேய்த்தும் பார்த்தார்.

இரண்டு வெள்ளைச் சட்டைகள்.

“தெரியுதுங்களா?” என்று உள்ளிருந்து கேட்டாள்.

“தெரியாம என்னுங்க!” என்றார். குரல் சற்றே உரத்துவிட்டது.

தெருவில் பனியன் மூட்டைகளை ஏற்றிய வண்டி ஒன்று சென்றது. அது கடந்து போகும்வரை அவர் அங்கேயே நின்றார்.

திங்கட்கிழமை ஆறுமுகசாமி இந்தப் பக்கத்தைத்தான் திருப்புவார். திருப்பி வைத்துக்கொண்டு, மரியாதை குறையாமல் கேட்பார்: இதுல எதுங்க மாஸ்டர் மஞ்சள்?

மருதாசலம் உள்ளே வந்தார். கேமராப் புத்தகத்தை மூடிக் கணினிப் புத்தகத்தின்மேல் வைத்தார். மேசையோரத்துக்குத் தாம் தள்ளியிருந்த, படங்களைத் திருத்தும் புத்தகத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இது ஒண்ணு மட்டும் போதுங்க” என்றார்.