இளஞ்சூடு

"இதென்ன, பொம்மைக்குக் கட்டில் செய்றியா?" கட்டிலில் சாய்ந்தபடி மனைவி சிரித்தாள்.

"லேப்டாப் ஸ்டாண்டு. உன் மடிக்கு மேல நிக்கும். சட்டத்துக்குச் சட்டம் இடைவெளி விட்டிருக்கேன், காத்து பூந்து போனா ஃபேன் இல்லாமலே சூடு ஆறிடும்." கணவன் உப்புத்தாளால் மரத்தைத் தேய்த்தான்.

"எனக்கு மடியே போதும்பா. இளஞ்சூடா, இதமா இருக்குன்னு சொன்னேன்ல?"

"சொன்னே, சொன்னே. உனக்கு இதமா இருக்கு. லேப்டாப் கொதிக்குதே, அது பாவம் இல்லையா?"

அவள் மறுபடி சிரித்தாள். அவன் நிமிரவில்லை.

நேற்று அவளுக்கு உடை மாற்றிவிடும்போதுதான் பார்த்தான். தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். விபத்தில் மரத்துப்போன கால்களில் உணர்ச்சி திரும்பிவிட்டதாகத் தினமும் அவனைத் தேற்றிக்கொண்டிருந்தவள், அவன் அதில் மருந்து தடவியபோது, எதுவும் தெரியாமல் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.