பதினொரு மணிப் பரிசோதனை

மணி பதினொன்று. பேராசிரியர் கம்மூன் மூன்றாம் மாடியில் தம் அறையில் உட்கார்ந்தபடியே கணினியில் கட்டளையைத் தட்டினார். கீழே ஆய்வகத்தில் இருந்த பவர் சப்ளை கருவி, ‘பன்னிரண்டு வோல்ட், ஐந்து ஆம்பியர்’ என்று பவ்யமாகப் பதில் அனுப்பியது.

அதன் குமிழ்களை யாரும் திருகிவிடாதபடி இங்கிருந்தே பூட்டி வைத்திருந்தார். ஆய்வகத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். நேற்றுகூட, ரமலான் நோன்பு நேரத்தில் சூயிங்கம் மென்ற ஒரு மாணவியை வெளியே துரத்தியிருந்தார்.

பத்தாவது நிமிடம் ஆம்பியர் சட்டென்று பூஜ்யமானது. மறுபடி கட்டளை போட்டார். வோல்ட் இருந்தது, ஆம்பியர் இல்லை. எவனோ ஒயரைப் பிடுங்கிவிட்டான்!

மூன்று மாடியையும் ஒரே மூச்சில் இறங்கினார். ஆய்வகத்தில் டெக்னீஷியன் மொன்ஸெஃப் மட்டும்தான் இருந்தான்.

“என் பரிசோதனையில கைவச்சது யாருய்யா?”

“அலமாரிக்குப் பின்னாடி ஒயர் போகுதே, அதுவா டாக்டர்?”

“அதேதான்! இருபது நாளா நடக்குது. தொடாதேன்னு கொட்டை எழுத்துல எழுதி ஒட்டியிருக்கேன், கண்ணு தெரியலையா?”

“கொதிச்சு வழிஞ்சுது டாக்டர், அதான் பிடுங்கினேன்.” மொன்ஸெஃப் மீசையைத் துடைத்துக்கொண்டான். “பரிசோதனைன்னு தெரியாமப் போச்சு. காபின்னு நெனச்சு பாதியைக் குடிச்சுட்டேன்.”

கம்மூன் வராந்தாவை எட்டிப் பார்த்தார். சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார். கையை நீட்டினார்.

“மீதியைக் குடு.”

கொடுத்தான். “நாளைக்குப் பத்தே முக்காலுக்கே கட்டளை போட்டுடுங்க டாக்டர். ரெண்டு கிளாஸ் கொதிக்கணும்ல?”