காலாட்டாத குடும்பம்

"பாதத்தை ஆட்டுங்கம்மா. மேல, கீழ. அவ்வளவுதானுங்க."

"ஆட்ட மாட்டேன் கண்ணு. வேணும்னா இன்னொரு ஊசி போட்டுக்கோ."

ஆர்.எஸ்.புரத்து ஆஸ்பத்திரியில் முழங்கால் மூட்டு மாற்றி இன்று இரண்டாம் நாள். ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் போட்ட ஊசிக்குத் தெய்வாத்தாள் முகம் சுளிக்கவில்லை. தொடை வரை இறுக்கிப் பிடித்த காலுறையையும் சகித்துக்கொண்டார். காலாட்டுவது மட்டும் நடக்காது என்றுவிட்டார்.

சோமனூரில் அவர் வீட்டில் யாரும் காலாட்டக் கூடாது. ஆட்டினால் குடும்பம் விளங்காது. அதற்காகவே தறி ஓட்ட வந்த ஆளை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். கட்டிலில் படுத்துக் காலாட்டிய கணவரை முப்பது வருடம் திட்டினார். பாவம், மனுஷன் மாரடைப்பில் போனதற்கும் அதையேதான் காரணமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பிசியோதெரபிஸ்ட் கயல்விழி மாஸ்க்குக்குள் பெருமூச்சு விட்டாள்.

"ஏனுங்கம்மா, ஆட்டாம வெச்சிருந்தா கால்ல ரத்தம் உறைஞ்சு கட்டியாயிருமுங்க. அது கெளம்பிப் போயி நுரையீரலை அடைச்சுதுன்னா, ஊடு இருக்கும், நீங்க இருக்க மாட்டீங்க."

தெய்வாத்தாள் தன் காலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். சாவதற்குப் பயம்தான். முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணமாகாத மகன் மிதுனை அப்படியே விட்டுவிட்டுச் சாவதற்கு அதைவிடப் பயம். அவனைத் தேடினார். ஆளைக் காணோம். நேற்றும் இப்படித்தான், இந்தப் பெண் உள்ளே வந்ததும் டீ குடிக்க ஓடிவிட்டான்.

"இருந்தாலும் ஊட்டுக்கு ஆகாதே, கண்ணு."

"எந்த ஊட்டுக்குங்க? கட்டில் ஆஸ்பத்திரியோடது. இங்க ஆட்டினா ஆஸ்பத்திரிக்குத்தானுங்க ஆகாது. அவங்க நல்லாத்தான் சம்பாதிக்கறாங்க, தாங்கிக்குவாங்க."

தெய்வாத்தாள் யோசித்தார். அதிலும் ஒரு நியாயம் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாகப் பாதத்தை ஆட்டினார். கூரை இடிந்து விழவில்லை. இன்னும் கொஞ்சம் ஆட்டினார். சுகமாகவே இருந்தது. அறுபத்தெட்டு வருடம் ஆட்டாததையெல்லாம் சேர்த்து ஆட்டுகிறவர் மாதிரி உற்சாகமாகிவிட்டார்.

"அப்படித்தானுங்க! மணிக்கு இருபது தடவை."

"என்னையே காலாட்ட வெச்சுப்போட்டயே! உன்னாட்ட சூட்டிகையான பொண்ணுதான் எனக்கு ஒண்ணும் அமைய மாட்டேங்குது. எந்த ஊரு அம்மணி?"

"காரமடைங்க."

"கல்யாணம் ஆயிருச்சா?"

"இன்னும் இல்லீங்க."

தெய்வாத்தாளுக்கு வாயெல்லாம் பல். கால் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"அப்ப என்ற பையனை ஒருக்கா பாரு, கண்ணு. தங்கமான பையன். டீ குடிக்கப் போயிருக்கறான், இப்ப வந்துருவான்."

கயல்விழி மாஸ்க்கைக் கீழே இறக்கினாள்.

"பாத்துட்டேனுங்க. அஞ்சு வருசத்துக்கு முன்னால நீங்க ரெண்டு பேரும் எங்க ஊட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தீங்க. கேசரியெல்லாம் சாப்பிட்டுப்போட்டு, பொண்ணு காலாட்டுது, ஊட்டுக்கு ஆகாதுன்னு சொல்லிப்போட்டுப் போனீங்க."

தெய்வாத்தாளின் கால் அப்படியே நின்றது.

"நிறுத்தாதீங்கம்மா" என்றாள் கயல்விழி. "இன்னும் ஒம்பது பாக்கி இருக்குதுங்க."