எதிர்வீட்டுத் தண்ணீர் கேன்

"கனமா ஏதாவது தூக்கினீங்களா சார்?"

டாக்டர் அஸ்வினி ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி கேட்டார். எதிரே கோபால் நாற்காலி நுனியில், உடம்பை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இல்லீங்க டாக்டர்."

"ஐயோ, வீட்டுல ஒரு துரும்பைக்கூட அவரைத் தூக்க விடறதில்ல" என்று அவர் மனைவி சண்முகவடிவு முந்திக்கொண்டாள்.

"டூ வீலர்ல ரொம்ப சுத்துவீங்களா?"

"ரிட்டயர் ஆனதும் வித்தாச்சு."

"மெத்தை எப்படி? நடுவுல பள்ளம் விழுந்திருக்கா?"

"போன தீபாவளிக்குத்தான் புதுசா வாங்கினோம். கல்லு மாதிரி இருக்கு" என்றாள் வடிவு.

"ஒரே இடத்துல மணிக்கணக்கா உட்காருவீங்களா?"

"எங்க உட்கார்றாரு? சமையல்கட்டுல என் பின்னாலயே நின்னுகிட்டு, தக்காளியை இப்படி நறுக்கு, அப்படி நறுக்குன்னு சொல்லிட்டிருக்காரு."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு படத்தைக் காட்டினார்.

"இடுப்புகிட்ட ரெண்டு எலும்புக்கு நடுவுல குட்டி மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கு பாருங்க, அதான் டிஸ்க். அது பிதுங்கி நரம்பை அழுத்துது. அதனாலதான் வலி காலு வரைக்கும் இழுக்குது. வயசும் ஒரு காரணம்தான். ஆனா உங்க கேஸைப் பார்த்தா குனிஞ்சு வெயிட் தூக்கின மாதிரியே இருக்கு. இனிமே குனியாதீங்க, தூக்காதீங்க. மீறினா ஆபரேஷன்ல கொண்டுபோய் விட்டுடும்."

கோபால் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். அதனால் டாக்டரின் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

அவர் தூக்கிக்கொண்டுதான் இருந்தார். எதிர் ஃபிளாட் டயானாவின் இருபது லிட்டர் தண்ணீர் கேனை.

தப்பாக நினைக்க வேண்டாம். டயானாவுக்கு அவர் மகள் வயது. புருஷனுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் கடலில் இருப்பான். ஒடிசலான பெண். காற்றடித்தால் விழுந்துவிடுவாள் போலிருக்கும். கேன் தீர்ந்ததும் கதவைத் தட்டி, "அங்கிள், கொஞ்சம் வர்றீங்களா? என்னால தூக்க முடியல" என்பாள். அதுவும் சரியாக வடிவு கோயிலுக்குப் போயிருக்கும் நேரமாக அமைந்துவிடும். அதைத் தன் அதிர்ஷ்டம் என்று கோபால் நினைத்துக்கொண்டிருந்தார். வடிவுக்குத் தெரிந்தால் விடுவாளா?

அழைப்பு வந்ததும் மனிதர் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொள்வார். கேனைத் தூக்கி இரும்பு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துவிட்டு, "வேற ஏதாவது வேலை இருக்காம்மா?" என்று கேட்பார். ஒரு காலத்தில் அவர் கையெழுத்துக்காக அலுவலகமே காத்துக் கிடந்தது. ரிட்டயர் ஆன மறுநாளிலிருந்து கியாஸ் கம்பெனிக்காரன்கூட வடிவின் போனுக்குத்தான் கூப்பிடுகிறான். அவர் இல்லாமல் ஆகாது என்று மிச்சமிருந்தது அந்த ஒரு கேன்தான். அதை டாக்டரிடம் சொல்லிப் பறிகொடுக்க அவருக்கு மனசில்லை.

ஆழ்வார்பேட்டையிலிருந்து மந்தைவெளிக்கு ஆட்டோவில் வரும்போது ஒவ்வொரு பள்ளத்துக்கும் உயிர் போய் உயிர் வந்தது. வழக்கமாக வாய் ஓயாமல் பேசும் வடிவு அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. ஆபரேஷன் என்றதும் பயந்துவிட்டாள் என்று அவர் நினைத்தார். அந்த வலியிலும் அவருடைய கவலையெல்லாம், அடுத்த கேனை டயானாவுக்கு யார் தூக்கி வைப்பார்கள் என்பதுதான்.

சாயங்காலம் டயானாவே சாத்துக்குடியோடு வந்துவிட்டாள். வடிவு காபி போட உள்ளே போனாள். கோபால் தலையணையில் சாய்ந்தபடி ரகசியக் குரலில் சொன்னார்.

"ஆன்ட்டி காதுல போட்டுடாதேம்மா. பத்து நாள் சமாளிச்சுக்கோ. நான் எழுந்து வந்து கேனைப் போட்டுடறேன்."

டயானா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"வேணாம் அங்கிள். ஆன்லைன்ல சின்ன மோட்டார் ஒண்ணு ஆர்டர் பண்ணிட்டேன். கேன் வாயில சொருகி பட்டனை அமுக்கினா தண்ணி வந்துடுமாம். இனிமே தூக்கவே வேணாம்."

"ஓஹோ. நல்லதுதான்" என்றார் கோபால். டிஸ்க் பிதுங்கியபோதுகூட இப்படி வலிக்கவில்லை.

"ரெஸ்ட் எடுங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டு டயானா சமையல்கட்டுக்குப் போனாள்.

கோபாலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மோட்டார் ரிப்பேர் ஆகும், கரண்ட் போகும், இதையெல்லாம் நம்பலாமா? வாங்காதே என்று சொல்லிவிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார்.

சமையல்கட்டு வாசலுக்கு வந்தபோது உள்ளே வடிவு விசும்பும் சத்தம் கேட்டது. அப்படியே நின்றுவிட்டார்.

"அவர் இடுப்பை நானே ஒடிச்சிட்டேன் டயானா. பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு மனுஷன் அழுவாரு. யாருக்கும் வேண்டாதவனாயிட்டேன்னு புலம்புவாரு. கேக்கத் தாங்காமதானே, நான் கோயிலுக்குப் போற நேரமா பார்த்து அவருக்கு ஏதாவது வேலை குடும்மான்னு உன்கிட்ட கேட்டேன்."

"நீங்க கேட்டதுக்கு நானும் வேற ஏதாவது லேசான வேலை குடுத்திருக்கலாம் ஆன்ட்டி" என்றாள் டயானா. "கேன்காரரு ஸ்டாண்டுல ஏத்தி வெச்சிட்டுப் போறதை, ஒவ்வொரு தடவையும் அங்கிள் வர்றதுக்கு முன்னாடி நான்தான் தூக்கிக் கீழ இறக்கி வெச்சேன்."