ஒன்பது குளிர்காலம் கண்ட விசிறி

பனி கொட்டும் வடதேசத்துக்குச் செண்பகத்தோடு ஒரு பனையோலை விசிறியும் குடிபோயிருந்தது. அவள் அதை அழகுக்காக அடுக்களைச் சுவரில் மாட்டிவைத்தாள்.

"ஒன்பது குளிர்காலம் ஆச்சு. வேர்வை இல்லை, புழுதி இல்லை, ஓலையில் ஒரு கீறல் கிடையாது. இப்படியொரு ஊர் உண்டா?" என்றது விசிறி.

"வந்ததிலிருந்து ஒரு தடவையாவது வீசினீங்களா, அண்ணாச்சி?" என்று கேட்டது கதவோரம் கிடந்த பூட்ஸ்.

சித்திரை வெயிலில் தன் காற்றுக்காக ஏழு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தது விசிறிக்கு நினைவு வந்தது.

மறுநாள் செண்பகம் மிளகாய் தாளித்தாள். புகை பட்டதும் கூரையிலிருந்த அபாயமணி அலறியது. அவள் விசிறியைப் பிடுங்கி, மணிக்கு நேராக விசிறு விசிறென்று விசிறினாள். மணி அடங்கியது.

"அடடா, மூன்று இடத்தில் கிழிந்துவிட்டதே!" என்றது பூட்ஸ்.

"நான்கு" என்று திருத்திய விசிறி, மூச்சு வாங்கக் கேட்டது: "நாளைக்கும் தாளிப்பாளா?"